முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல்கள்

எங்கள் ஊரில் ஒருவர் "உங்கிட்ட நேர்மையா சொல்றேன்" என்று பேச்சை ஆரம்பித்தால், நான் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வேன். இங்கிலாந்தின் வடக்கே டார்லிங்டனில் பிறந்து அறுபது வருடமாக இந்த ஜனங்களோடு குப்பை கொட்டுகிறவள் சொல்கிறேன். பஸ் தாமதம் என்று சொல்வதற்குக்கூட எங்களுக்குக் கடவுள் சாட்சிக்கு வர வேண்டும். கறிக்கடைக்காரன் நேற்றைய கொத்துக்கறியை இன்றையது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வான். பக்கத்து வீட்டுக்காரி தன் பூனை எலி பிடித்த கதையை அம்மாவின் கல்லறை மேல் ஆணையிட்டுச் சொல்வாள். அந்த அம்மா அப்போது மாடியில் உயிரோடு உட்கார்ந்து, டீ இன்னும் வரவில்லை என்று தரையைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கு வாயில் வருவது என் மகள் லொரெய்ன்தான். "எங்க லொரெய்ன் உசுரு மேல சத்தியமா, கெட்டில்ல தண்ணி வச்சுட்டுத்தான் வந்தேன்." ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அவள் உயிரைப் பணயம் வைப்பேன். அவள் அப்பா போன பிறகு இருபது வருடம் அவள் ஒருத்திக்காகவே ஓடியவள் நான். வேறு எதன் மேல் சத்தியம் செய்வது?

அந்தப் பழக்கம்தான் கடைசியில் என் குடியைக் கெடுத்தது.

ஆட்டன் தகர டப்பாத் தொழிற்சாலையில் எனக்குப் பதினேழு வருட வேலை. பிஸ்கட் டப்பாவுக்கு மூடி அடிப்பது. 1973 அக்டோபரில் கிறிஸ்துமஸ் டப்பாக்கள் மலைபோல் குவிந்திருந்தன. மூடி அடிக்கும் பிரஸ் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி வலை உண்டு. வலையை இழுத்து மூடினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு மூடிக்கும் வலையைத் திறந்து மூடினால் ஃபோர்மேன் ராப்சன் கேட்கும் எண்ணிக்கையில் பாதிகூடத் தேறாது. அதனால் எல்லோரும் வலையைக் கழற்றி மேசைக்கடியில் போட்டுவிடுவோம். ராப்சன் அந்த வழியாக வரும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே போவார்.

லொரெய்ன் அந்த வருடம்தான் எங்கள் லைனுக்குப் பொறுப்பாளர் ஆகியிருந்தாள். இருபத்திரண்டு வயசு, எனக்கே வேலை சொல்கிறாள் என்று வெளியில் சலித்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். தினமும் காலையில் எல்லா வலையும் சரியாக இருக்கிறது என்று நோட்டில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பொலீனின் பிரஸ் அவள் கை மேலேயே இறங்கியது. பொலீன் லொரெய்னின் பள்ளித் தோழி, எங்கள் வீட்டிலேயே பாதி வளர்ந்தவள். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மற்றதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் லைனே கூடி நின்றது. எதற்கெடுத்தாலும் கேன்டீனில் யூனியன் கொடி பிடிக்கும் நோரா டாட்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வலைய அவளே கழட்டினான்னு தெரிஞ்சா ஒத்தக் காசு நஷ்டஈடு தரமாட்டாங்க. வலை உடைஞ்சு மூணு வாரம் ஆச்சு, ராப்சன்கிட்ட சொல்லியாச்சு, அந்தாளு சரி பண்ணல. எல்லாரும் இதத்தான் சொல்லணும். புரியுதா?"

"அப்போ லொரெய்ன் தெனமும் போட்ட கையெழுத்து?" என்றேன்.

"பொய்க் கையெழுத்துன்னு ஆகும். வேலைதானே போகும், போகட்டும்மா," என்றாள் லொரெய்ன். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "அவளுக்கு விரலே போயிடுச்சு."

ஹெஸ்டர் மட்டும் ஓரமாக நின்றாள். கடைசி மேசையில் டப்பா ஓரம் மடிக்கும் இயந்திரத்தில் வேலை செய்பவள், ஐம்பது வயசு. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மண்டபத்தில் பாட்டும் கிடையாது, பிரசங்கமும் கிடையாது. யாருக்காவது சொல்லத் தோன்றும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சத்தியம் செய்வது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. கோர்ட்டில்கூட பைபிள் மேல் கை வைக்க மாட்டார்கள். ஹெஸ்டரிடம், "சாண்ட்விச்சுல என்னடி?" என்று கேட்டு, "சீஸ்" என்று அவள் சொன்னதும், "கடவுள் சாட்சியா?" என்று நாங்கள் கலாட்டா செய்வோம். அவளும் சிரிப்பாள். "இப்ப மட்டும் சத்தியமா சொல்றேன்னா, காலையிலேருந்து நான் சொன்னதெல்லாம் என்ன கணக்கு?" என்பாள்.

அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்: "வலை உடைஞ்சிருந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது நோரா. நானா போய் எதுவும் சொல்லவும் மாட்டேன். கேட்டா, பதில் சொல்ல விரும்பலைன்னு சொல்லிடுறேன்."

"உன் வாயத் தொறக்காம இருந்தாப் போதும் தாயே," என்றாள் நோரா.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்த என் பக்கத்தில் ராப்சனின் கார் வந்து நின்றது. ஏறியிருக்கக் கூடாது, ஏறிவிட்டேன்.

"உங்கிட்ட நேர்மையா சொல்றேன் மேவிஸ்," என்று ஆரம்பித்தார். என் கை தானாகக் கைப்பைக்குப் போனது. "வலை மூணு வாரமா உடைஞ்சிருந்துச்சுன்னா, உன் பொண்ணு தெனமும் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கா. வேல போறது மட்டும் இல்ல, போலீஸ் வரைக்கும் போகும். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, மனசு கேக்கல. உண்மையில என்ன நடந்துச்சு?"

போலீஸ் என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். இன்று யோசித்தால் அந்த ஆள் என்னை மிரட்டித் தன் தோலைக் காப்பாற்றிக்கொண்டார் என்று தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் லொரெய்ன் முகம்தான்.

"வலை நல்லாத்தான் இருந்துச்சு மிஸ்டர் ராப்சன். பொலீன்தான் கழட்டி வச்சா."

நான் சொன்னதில் பொய் இல்லை. எல்லோரும் கழற்றினோம், அதைப் பார்த்தும் பாராமல் நீங்கள் போனீர்கள் என்கிற மீதி உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். மழைக்குக் குடையே பிடித்தார், பாவி.

இரண்டு வாரத்தில் பொலீனுக்குக் கம்பெனியின் கடிதம் வந்தது. நோரா அதைக் கேன்டீனில் உரக்கப் படித்தாள். வலையை அடிபட்டவரே கழற்றியதாக அதே பிரிவில் வேலை செய்யும் ஒருவர் தெரிவித்திருக்கிறார், ஆகவே நஷ்டஈட்டுக்கு இடமில்லை என்று இருந்தது.

"நம்மள்ல ஒருத்தி," என்றாள் நோரா. "எழுந்திருங்கடி. ஒவ்வொருத்தியா சொல்லுங்க. நான் ஆரம்பிக்கிறேன். அந்த ஆள்கிட்ட நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இங்கேயே விழுந்து சாகணும்."

வரிசையாகச் சொன்னார்கள். ஒருத்தி கடவுளைக் கூப்பிட்டாள். ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டு, பொய்யென்றால் கண்ணில் ஊசி இறங்கட்டும் என்றாள். ஒருத்தி அப்பா கல்லறை மேல், இன்னொருத்தி இன்னும் பிறக்காத பேரப்பிள்ளை மேல். லொரெய்ன், "எங்கம்மா உசுரு மேல," என்றாள். அவள் சொன்னபோது என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள்.

அடுத்தது நான்.

சின்ன வயதில் எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. இந்த நாட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சத்தியம் செய்யும்போது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஆட்காட்டி விரல் மேல் நடுவிரலை ஏற்றிக்கொண்டால் அந்தச் சத்தியம் செல்லாது. லொரெய்னுக்கு ஐந்து வயதில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் போகவில்லை, கடைத்தெருவுக்குத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பிறகு விரலைக் காட்டுவேன். அவள் அழுதுகொண்டே சிரிப்பாள்.

நாற்பத்தாறு வயசுக் கிழவி நான். என் வலது கை, வேலைக்கு உடுப்பின் மேல் போடும் ஓவராலுக்குப் பின்னால் போனது. விரல் மேல் விரல் ஏறியது.

"எங்க லொரெய்ன் உசுரு மேல சத்தியமா, நான் சொல்லல."

யாரும் என்னைச் சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. நோரா அடுத்த மேசைக்குத் திரும்பிவிட்டாள். எனக்குப் பின்னால், ஜன்னலோரம் ஹெஸ்டர் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லல," என்றாள் ஹெஸ்டர்.

"எதும்மேல?"

"எதும்மேலயும் இல்ல. சொல்லல, அவ்ளோதான்."

"இந்த ஒரு தடவை சத்தியம் பண்ணுங்களேன். பொலீனுக்காக," என்று கெஞ்சினாள் லொரெய்ன்.

"அது என்னால முடியாது கண்ணு. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன்."

"மனசுல கள்ளம் இல்லாதவளுக்குச் சத்தியம் பண்ண என்ன கஷ்டம்?" என்று யாரோ கத்தினார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னவள்தானே, ராப்சன் கேட்டதும் கொட்டியிருப்பாள் என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள். பொய்யே வராதவள் என்பதால்தான் அவள்மேல் சந்தேகம். அப்படிப்பட்டவள் 'நான் சொல்லல' என்றால் நம்ப வேண்டியதுதானே என்ற எளிய கணக்கு அந்த முப்பது பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஹெஸ்டருக்குப் பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் அதைக் கவென்ட்ரிக்கு அனுப்புவது என்பார்கள். அந்த ஊர் என்ன பாவம் செய்ததோ தெரியாது. அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை என்று நடந்துகொள்வார்கள். அவள் குட் மார்னிங் சொன்னால் சுவர் கேட்ட மாதிரி. கோட்டு மாட்டும் ஆணிகளில் அவளுடையதற்கு இரண்டு பக்கமும் ஆணி காலியாகக் கிடக்கும். உப்பு வேண்டுமென்றால் எழுந்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் வந்தால் அந்த மேசையில் சிரிப்பு அடங்கிவிடும். தகரத் தகட்டைக் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதில் எல்லோரையும்விடக் கெடுபிடி என் மகள்தான். பேசாமல் இருப்பதில் ஒரு வெறி அவளுக்கு. வாரக் கடைசியில் பொலீன் வீட்டுக்குப் போய், இடது கையால் அவள் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு வருவாள். திங்கட்கிழமை ஹெஸ்டரைப் பார்க்கும்போது அவள் முகம் கல்லாகிவிடும்.

நானும் பேசவில்லை. பேசினால் ஏன் என்று கேட்பார்களே.

வீட்டில் என் நிலைமை அதைவிட மோசம். லொரெய்ன் இருமினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் காதலன் டெரிக்கின் மோட்டார் சைக்கிளில் ஏறினால், திரும்பி வரும்வரை ஜன்னலில் நிற்பேன். விரலை மடக்கியாச்சே, செல்லாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இடது கையா, வலது கையா, எந்தக் கையில் மடக்கினால் செல்லாது? அந்தச் சட்டம் சரியாக ஞாபகம் வராமல் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். சத்தியம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அக்டோபர் போய், பிப்ரவரியும் வந்துவிட்டது. குளிருக்கு எல்லோரும் ஓவராலுக்குள் கம்பளி போட்டுக்கொண்டு வேலை செய்தோம். ஒரு திங்கட்கிழமை காலை, பத்து மணிக்கு முன்பாக இருக்கும். ஹெஸ்டர் தன் இயந்திரத்தில் ஒரு டப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய கம்பளிச் சட்டையின் இடது கைமுனை நைந்து நூல் தொங்கியது. அந்த நூல் உருளையில் மாட்டியது. அவளுக்குத் தெரியவில்லை, தலையைத் திருப்பி அடுத்த தகட்டை எடுக்கக் குனிந்தாள். நூல் இழுபட்டது, பிறகு கைமுனை இழுபட்டது.

லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் லொரெய்னின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு முன்னாலேயே அவள் பார்த்துவிட்டாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அது மூடியதையும் பார்த்தேன். பொத்தானுக்குப் போன கை பாதியில் நின்றது. ஒரு நொடியோ, இரண்டு நொடியோ. ஹெஸ்டர் என்ற பெயரை நான்கு மாதமாகச் சொல்லிப் பழகாத வாய் அது.

"ஹெஸ்டர்! கைய எடு! கைய எடுடி!"

நான்தான் கத்தினேன். ஓடிப்போய் லொரெய்னை இடித்துத் தள்ளிப் பொத்தானை அடித்தேன். லைன் நின்றது. கம்பளிக் கை முழங்கைவரை கிழிந்து உருளைக்குள் போயிருந்தது. உள்ளே ஹெஸ்டரின் மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. விரல்கள் இருந்தன. அவசரத்தில் ஐந்தையும் எண்ணிப் பார்த்தேன்.

லொரெய்ன் வெளுத்துப்போய் நின்றாள்.

"நான் பாக்கலம்மா," என்றாள். "நெஞ்சுல கை வச்சு சொல்றேன், பாக்கவே இல்ல."

நிஜமாகவே நெஞ்சில் கை வைத்திருந்தாள். என் பிள்ளை தங்கமான பிள்ளை. தோழிக்காக வேலை போனால் போகட்டும் என்று சொன்ன பிள்ளை. அவளை இப்படி நிற்க வைத்தது நான்தான். அவள் உயிருக்கு ஏதாவது வருமோ என்று நான்கு மாதம் ஜன்னலில் நின்று பார்த்தேனே, வந்தது இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

பத்து மணி டீ இடைவேளையில் நாற்காலி மேல் ஏறவெல்லாம் இல்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

"ராப்சன்கிட்ட சொன்னது ஹெஸ்டர் இல்ல. நான்தான்."

முதலில் யாருக்கும் காதில் விழவில்லை. இரண்டாவது முறை சொன்னேன். நோரா வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

"போடி! காலையில ரத்தத்தப் பாத்ததும் மனசு எளகிப்போச்சு இவளுக்கு. அவள எப்படியாவது மறுபடி சேத்துக்கணும்னு பழியத் தன் தலையில போட்டுக்கறா."

"இல்ல நோரா. மழை பெஞ்ச அன்னிக்கு அவர் கார்ல போனேன். அப்பத்தான் சொன்னேன்."

"நீ லொரெய்ன் மேல சத்தியம் பண்ணினவ மேவிஸ். நாங்க அத்தன பேரும் கேட்டோம். பெத்த புள்ள உசுர வச்சு எந்தத் தாயாவது பொய் சொல்லுவாளா? அதுவும் நீயா? அந்தப் புள்ள தும்மினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறவ!"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "உக்காரு கண்ணு, டீ ஆறுது," என்றாள். நான் என்ன சொன்னாலும் அது என் நல்ல மனசுக்கு அடையாளமாகவே போய்ச் சேர்ந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொல்றேன்ல! உண்மையத்தான்டி சொல்றேன்!"

"அப்படியா? அப்போ லொரெய்ன் உசுரு மேல சத்தியம் பண்ணு," என்றாள் நோரா.

வாயைத் திறந்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. முதலில் செய்ததும் அதே சத்தியம், இப்போது கேட்பதும் அதே சத்தியம். ஒன்று பொய்யாக இருந்தால் அவள் தலை, இன்னொன்று பொய்யாக இருந்தாலும் அவள் தலை. முப்பது பேர் முன்னால் வாய் திறந்தபடி நின்றேன்.

"பாத்தீங்களா?" என்றாள் நோரா. "முடியல பாரு."

லொரெய்ன் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள், முதலில் இடது, அப்புறம் வலது. ஐந்து வயதில் பல் டாக்டர் வாசலில் பார்த்த அதே பார்வை. கோப்பையை வைத்துவிட்டு, மேசைகளைத் தாண்டி, ஜன்னலோரம் மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஹெஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"எங்கம்மா சொல்றது நெசமா?"

நான்கு மாதத்தில் ஹெஸ்டரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆமா," என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு உங்கம்மாவுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். விரலப் பாத்தேன்."

"நாலு மாசமா ஏன் சொல்லல?"

"நான் சொன்னேனான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். வேற எதுவும் என்கிட்ட யாரும் கேக்கல கண்ணு."

நான் இரண்டு முறை கத்தியும் நம்பாத அத்தனை பேரும் அந்த ஒரு 'ஆமா'வை நம்பினார்கள். என் தோளில் இருந்த கை எப்போது விலகியது என்றே தெரியவில்லை. லொரெய்ன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஹெஸ்டர் எதிரில் உட்கார்ந்தாள். "பொத்தான் எனக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் பாத்தேன் ஹெஸ்டர். பாத்துட்டுத்தான் நின்னேன்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஹெஸ்டர் கட்டுப் போட்ட கையை அவள் கை மேல் வைத்தாள்.

மறுநாள் காலை என் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆணி காலியாக இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, கேட்டு வாங்கிக்கொண்டது. வேலைக்கு வரும் வழியில் பஸ்ஸில் மட்டும் ஒரு குரல், "குட் மார்னிங் மேவிஸ்," என்றது. ஹெஸ்டர். பக்கத்தில் இடம் இருந்தது, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"எல்லாம் தெரிஞ்சும் எப்படி இத்தன நாள் பொறுத்துக்கிட்ட?" என்றேன்.

"பொறுக்கவெல்லாம் இல்ல. தெனமும் அழுதேன்," என்றாள். "ஆனா அது நீ சொல்ல வேண்டியது."



யூனியன் ஆளிடம் எழுதிக் கொடுத்தேன், இந்த முறை மீதி உண்மையையும் சேர்த்து. எல்லோரும் கழற்றினோம், ராப்சன் பார்த்தார், எண்ணிக்கை அவர் கேட்டது என்று. பொலீன் விஷயம் மறுபடி விசாரணைக்குப் போனது. பொலீன் என்னை வந்து பார்க்கவில்லை. லொரெய்ன் வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நான் மேசையில் வைத்தால், நான் நகர்ந்த பிறகுதான் எடுப்பாள். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கி வந்தாள். வாசலில் டெரிக் தன் அண்ணனின் வேனில் காத்திருந்தான். ராஸ்பெர்ரி ஜாம் பாட்டில் ஒன்றைப் பையில் திணிக்கப் போனேன், நகர்ந்துகொண்டாள்.

"எங்கடி போற? கோபம் இருந்தா அடிச்சிட்டுப் போ. பேசாம மட்டும் போகாத."

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். எனக்கு வாய் தன் பாட்டுக்கு ஓடியது, இருபது வருடப் பழக்கம்.

"போலீஸ்னு சொன்னாருடி அந்தாளு. உன்னக் காப்பாத்தத்தான் பண்ணேன். உனக்காக மட்டும்தான் பண்ணேன் லொரெய்ன். சத்தியமா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள், மெதுவாகத்தான் கேட்டாள்.

"யார் மேலம்மா?"

வேன் கிளம்பிப் போன பிறகும் நான் ஜாம் பாட்டிலோடு அங்கேயே நின்றிருந்தேன். யார் மேல் என்று சொல்வதற்கு அவளை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.